பினாங்கு நாகூர் தர்கா மரபும் பாரசீகச் சூஃபி இலக்கியமும்

பாரசீக, துருக்கிய மொழிகளில் தழைத்த சூஃபி இலக்கிய மரபு பினாங்குத் தமிழ் முஸ்லிம்களை வந்தடைந்த வழிகளில் முதன்மையானது நாகூர். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் இருக்கும் நாகூர் தர்கா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடமே அது. அவருடைய அடக்கத்தலம் நாகூரில்தான் உள்ளது. தர்காவின் வெளிச்சுவரை ஒட்டிச் சொங்கோக் தொப்பி தைக்கும் சிறு கடைகள் நடந்துவந்தன.

16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆண்டகை வடஇந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் ஷத்தாரி என்னும் சூஃபி நெறியின் ஞானி முகம்மது கௌதுவிடம் தீட்சை பெற்றார் என்பது தர்கா மரபு. கௌது தேர்ந்த நூலாசிரியர். ‘அமிர்தகுண்டம்’ என்னும் யோக நூலை அதன் அரபு வடிவத்திலிருந்து ‘பஹ்ருல் ஹயாத்’ என்று பாரசீகத்தில் ஆக்கித் தந்தார். ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் ஜஹாங்கீரான இளவரசர் சலீமுக்காக எழுதப்பட்ட படியில் ஆசனமிட்ட யோகிகளையே ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். யோகம் பேசும் திருமந்திரத்தைப் பயின்ற தமிழருக்கு இந்தப் பாரசீக நூல் அந்நியமாகப் படாது.

இந்தக் குருமரபைத் தமிழுக்குள் கொண்டுவந்தவர் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908). மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆண்டகையின் குருவைப் போற்றிக் ‘குவாலீர்க் கலம்பகம்’ பாடினார். 1883இல் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். வடநாட்டுச் சூஃபி ஒருவருக்குத் தமிழ்ச் சிற்றிலக்கியம் பாடிய புலவரே கடல் கடந்த ஊரில் பத்திரிகையும் நடத்தியது, அந்நாளில் நாகூருக்கும் பினாங்குக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. பிறகு வந்தவை ‘நாகூர்ப் புராணம்’ (1893), ரிபாயி என்னும் சூஃபி நெறியின் தலைவரைப் பாடும் ‘ஆரிபு நாயகம்’ (1896), ஆண்டகையின் வரலாற்றை உரைநடையில் சொல்லும் ‘கன்சுல் கறாமாத்து’ (1902).

இப்படி இறைநேசர் வரலாறு எழுதுவது பாரசீகத்தில் தனி இலக்கிய வகை. அத்தாரின் ‘தஸ்கிரத்துல் அவ்லியா’ அதில் தலையாயது. ஹெராத் நகரின் ஜாமி 15ஆம் நூற்றாண்டில் ‘நஃபஹாத்துல் உன்ஸ்’ எழுதினார். அவருடைய நண்பர் அலீஷேர் நவாயி அதைச் சகதாய்த் துருக்கியில் தழுவி, துருக்கிய, இந்திய ஞானிகளையும் சேர்த்தார். தம் மக்கள் மதித்த ஞானிகளுக்குத் தம் மொழியில் இடம் தேடிய வகையில் நவாயியும் நாவலரும் ஓரினம் என்றே கொள்ளலாம். ஆனால் நாவலர் வெறும் தழுவலோடு நிற்கவில்லை. கலம்பகம், புராணம், அந்தாதி என்று தமிழ்ப் புலவர்கள் கோயில்களுக்கும் தெய்வங்களுக்கும் பாடிவந்த வடிவங்களையே எடுத்தாண்டார்.

நாவலருக்கு முன்பே குணங்குடி மஸ்தான் சாகிபு (மறைவு 1838) இன்னொரு வழி கண்டிருந்தார். பாரசீகக் கஸல் கவிஞர்கள் இறைவனைக் காதலுக்குரியவராகப் பாடினார்கள். மஸ்தானோ சித்தர் பாடல்களில் தேவியாக வரும் மனோன்மணியைக் காதலியாக்கி, ‘மனோன்மணிக் கண்ணி’யில் அவளுக்காக உருகினார்.