வெட்டுப்பட்ட டேப்

1982, லாஸ் ஏஞ்சல்ஸ். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 'பீட் இட்' பாட்டில் கிட்டார் சோலோ வாசிக்க, ராக் உலகின் சூரர் எடி வான் ஹேலனை அழைத்திருந்தார் தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ். எடி ஒரு காசு வாங்கவில்லை. ஆனால், சோலோவுக்குத் தோதாகப் பாட்டின் அமைப்பை மாற்றச் சொன்னார். டேப்பை வெட்டி ஒட்டினார்கள். வந்தது வினை!

அன்று இரண்டு டேப் இயந்திரங்களை இணைத்து ஓட்டுவது வழக்கம். டேப்பில் பதிந்த நேரக் குறியீடுதான் இரண்டையும் ஒன்றாக ஓடவைக்கும். வெட்டியதில் அந்தக் குறியீடு அறுந்துபோனது. ஜாக்சனின் குரலும் எடியின் சோலோவும் மிஞ்சின. மற்றதையெல்லாம் புதிதாக வாசித்தாக வேண்டும்.

கூப்பிடப்பட்டவர்கள் டோட்டோ இசைக்குழுவின் ஜெஃப் போர்காரோவும் ஸ்டீவ் லுகாதரும். அவர்கள் ஒன்றும் வாய்ப்புக்குக் காத்திருந்தவர்கள் அல்லர். அவர்களுடைய 'ரோசன்னா' அந்த ஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறிய பாட்டு. ஆனாலும், ஸ்டுடியோ வாசிப்பே அவர்களுக்குத் தாய்வீடு. குழு பிறக்கும் முன்பே, 1976-ல் போஸ் ஸ்காக்ஸின் 'சில்க் டிகிரீஸ்' ஆல்பத்துக்கு வாசித்த கைகள் ஜெஃப், பின்னாளில் டோட்டோவில் அவரோடு இருந்த டேவிட் பெய்ச் இருவருடையவை.

பாடும்போது ஜாக்சன் ஒரு பெட்டியில் தாளம் தட்டியிருந்தார். குரலோடு பதிவான அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் வாசித்தார் ஜெஃப். வழக்கமாக டிரம்ஸுக்குத்தான் பாடகர் பாடுவார். இங்கே எல்லாம் தலைகீழ். அதன்மேல் லுகாதர் பெரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்களை வைத்துக் கிட்டாரை முழங்கவிட்டார். "இவ்வளவு முரட்டுத்தனம் ஆகாது, ரேடியோவில் ஓட வேண்டும்" என்ற தொனியில் குயின்ஸியிடமிருந்து பதில் வந்தது. சின்ன ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையருக்கு மாறி மீண்டும் வாசித்தார். பேஸ் கிட்டாரும் அவரே!

1983 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் 'டோட்டோ IV'. அடுத்த ஆண்டு அதே விருது 'த்ரில்லர்' ஆல்பத்துக்கு; சிறந்த ரெக்கார்ட் 'பீட் இட்'. இன்றும் அந்தப் பாட்டின் கிட்டார் என்றதும் எடியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சோலோ மட்டும்தான் அவருடையது. பாட்டு நெடுக வரும் அந்த ரிஃப், பதிவில் லுகாதரின் கைவண்ணம்.

வாசித்ததோடு டோட்டோவின் பங்கு முடியவில்லை. 'த்ரில்லர்' ஆல்பத்துக்குப் பாட்டு தேடியபோது, பெய்ச் எழுதிய பாட்டுகளைக் கேட்கக் குயின்ஸி ஒரு கேசட்டைப் போட்டார். அவை முடிந்த பிறகும் கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் மறுபக்கத்தில் இருந்தது யாருடைய பாட்டு?

(அடுத்த வாரம்...)