கவளமும் கதிரையும்

எங்கள் மூத்தவள் 1993 கார்த்திகையில், நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க் மாகாணத்தின் மீன்பிடி ஊரொன்றில் பிறந்தாள். சூரியன் எழும்பாத இருண்ட காலம் அது. அவளுக்கு ஆறு மாதம் நிறைந்தபோது வைகாசி வந்துவிட்டது; சூரியன் மறைவதை நிறுத்தியிருந்தது. எங்கள் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைத்து, முற்றத்தில் உலாவி, நிலவைக் காட்டிச் சோறு தீத்துவார்கள். எங்களுக்கு முற்றமும் இல்லை. நடுச்சாமத்திலும் வெயில் எறித்த அந்த வானத்தில் காட்டுவதற்கு நிலவும் இல்லை.

தீத்தியவனும் நான்தான். 1993இல் நோர்வே அரசு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைப்பேற்று விடுமுறையில் நான்கு கிழமை தகப்பனுக்கென்று ஒதுக்கப்பட்டது. அவன் எடுக்காவிட்டால் பொதுவாக அந்த நான்கு கிழமையும் இல்லாமற் போய்விடும். நானும் மனைவியும் ஒரே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவள் வேலைக்குத் திரும்ப, நான் வீட்டில் நின்றேன். இதைக் கேள்விப்பட்ட ஊரவர் ஒருவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்: "என்ன, நீரே பிள்ளைக்குத் தீத்துறீர்?" கேள்வியில் பகிடியும் இருந்தது, பரிதாபமும் இருந்தது. அந்த நான்கு கிழமையில் எனக்கு எழுந்த கேள்விகளால்தான், பிள்ளைக்கு முதற்சோறு கொடுப்பதன் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

யாரிடம் கேட்பது என்பதே முதற் கேள்வி. அம்மா யாழ்ப்பாணத்தில். ஆனையிறவுப் பாதை மூடுண்டு, சனங்கள் கிளாலிக் கடலேரியால் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போய்வந்த காலம். கடிதம் வந்து சேர மாதங்கள் ஆகும். ஆகவே சுகாதார நிலையத்துத் தாதியிடம் கேட்டோம். நோர்வேயில் இந்த நிலையங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1914இல், அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவில், பெண்கள் சுகாதாரச் சங்கமொன்றே முதல் நிலையத்தைத் திறந்தது. ஏழைத் தாய்மாரின் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து ஆலோசனை சொல்லத் தொடங்கிய இந்த வேலையைப் பின்னர் அரசு பொறுப்பேற்றது.

எங்கள் தாதி பிள்ளையை நிறுத்து, அட்டையில் வளைகோடு கீறி, அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டு போனார். முதல் மாதத்திலிருந்தே மீனெண்ணெய், பிறகு கஞ்சி, பிறகு மரக்கறி, பிறகு மீன். வெயில் காணாத மாதங்களில் உடம்பு உயிர்ச்சத்து டி-யை உண்டாக்க முடியாது. அதில்லாவிட்டால் எலும்பு வளையும். கொட் மீனின் ஈரலெண்ணெயில் அது உண்டு. தகப்பன் பகல் முழுவதும் வெட்டுகிற மீனின் ஈரலெண்ணெய், சோற்றுக்கு முன்பே மகளின் நாக்கில் பட்டது.

தாதியின் பேச்சில் இருந்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வரலாற்றைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. பிள்ளைக்கு எப்போது, எதை, எப்படிக் கொடுப்பது என்பதில் ஒவ்வொரு தலைமுறையும் இதே உறுதியுடன்தான் பேசியிருக்கிறது. அடுத்த தலைமுறை அதை மாற்றியிருக்கிறது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் குழந்தைகளின் முதலுணவு, பாலிலோ தண்ணீரிலோ ஊறிய பாண்தான். அதைப் புகட்ட ஓடம் போன்ற வடிவில் சிறு பாத்திரங்கள் இருந்தன. வசதியானவர்கள் வெள்ளியில் செய்வித்தார்கள். 1865இல் ஜெர்மனிய இரசாயன அறிஞர் லீபிக், தாய்ப்பாலுக்கு மாற்றாக ஒரு சூப்பைத் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த தூளை விற்கத் தொடங்கினார். குழந்தையுணவு வீட்டுக் குசினியிலிருந்து தொழிற்சாலைக்குப் போன காலம் இது. 1928இல் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் கேர்பர் குடும்பத்தினர் மசித்து வடித்த மரக்கறியைத் தகரத்தில் அடைத்து விற்றனர். அதற்கு முன் ஒரு வயதுவரை மரக்கறி கொடுக்கவே தயங்கிய தாய்மார், சில வருடங்களுக்குள் மூன்று நான்கு மாதத்துப் பிள்ளைக்கே கரண்டியை நீட்டத் தொடங்கினார்கள்.

மருத்துவர்களும் சளைக்கவில்லை. 1894இல் நியூயோர்க் வைத்தியர் எமெற் ஹோல்ற் எழுதிய குழந்தை வளர்ப்புக் கைநூல் பல பதிப்புகள் கண்டது. மணிக்கூட்டைப் பார்த்துப் பாலூட்டு என்பது அதன் போதனை. பிள்ளையின் பசியைவிட அட்டவணை பெரிதாயிற்று.

இந்த அதிகாரத்தின் நடுவே ஒரு பெண் வேறொன்றைச் செய்து பார்த்தார். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பால் மறந்த குழந்தைகள் சிலரை மாதக்கணக்கில் தன் பராமரிப்பில் வைத்து, அவர்கள் முன் பலவகை உணவுகளைப் பரப்பிவைத்தார். தாதி கரண்டியுடன் பேசாமல் பக்கத்தில் இருப்பார். பிள்ளை கையை நீட்டினால் மட்டுமே கொடுக்கலாம். "இதைச் சாப்பிடு" என்று சொல்லக்கூடாது, முகத்தையும் சுளிக்கக்கூடாது. 1928இல் முதல் முடிவுகளை அவர் வெளியிட்டார். கடைசியில் 15 குழந்தைகளும் 34 வகை உணவும் கொண்ட ஆய்வாக அது வளர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தின்றார்கள். எல்லோரும் நன்றாகவே வளர்ந்தார்கள். எலும்பு நோயுடன் வந்த ஒரு பிள்ளைக்கு முன்னால் மீனெண்ணெயும் வைக்கப்பட்டது. நோய் மாறும்வரை அவன் அதைத் தானாகவே குடித்தான், மாறியபின் விட்டுவிட்டான். தட்டுகளில் சீனியோ வெள்ளை மாவோ இருக்கவில்லை என்பதையும் டேவிஸ் மறைக்கவில்லை. எதை முன்னால் வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எதை, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. அவருடைய ஆய்வை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

மறுபக்கத்தில், வைப்பதற்கு எதுவுமில்லாதவர்களின் கதை இருக்கிறது. இன்று கானா எனப்படும் அன்றைய கோல்ட் கோஸ்ற்றில் வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், அடுத்த பிள்ளை வந்ததும் முலைப்பால் மறுக்கப்பட்டு, சோளக்கஞ்சியை மட்டும் குடித்து, உடல் வீங்கி இறந்துபோகும் குழந்தைகளைக் கண்டார். 1935இல் எழுதிய கட்டுரையில், அங்குள்ள கா மொழி மக்கள் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே பயன்படுத்தினார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததால் இடம் இழந்த பிள்ளையின் நோய் என்பது அதன் பொருள். வெறுங்கஞ்சி ஒரு பிள்ளையை வளர்க்காது என்பதை அந்தத் தாய்மாரின் சொல்லே உலகுக்குச் சொன்னது. 1939இல் சிங்கப்பூரில் பேசியபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பொருந்தாத பாலைத் தள்ளிவிடும் விளம்பரத்தைக் கொலை என்றே அவர் கண்டித்தார். தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு உலக சுகாதார நிறுவனம் ஒழுங்குவிதிகளை ஏற்றது 1981இல்தான்.

இனிக் கதிரைக்கு வருகிறேன். அதுதான் எங்கள் வீட்டில் முதற் சண்டையைக் கொண்டுவந்தது. பிள்ளையைக் கதிரையில் இருத்துங்கள் என்று தாதி சொல்லியிருந்தார். "மடி இருக்கேக்கை கதிரை என்னத்துக்கு?" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கதிரையில் கட்டிவைத்துத் தீத்துவது, பிள்ளையைத் தள்ளிவைப்பது போல இருந்தது.

அந்தப் பயம் முழுக்கப் பிழையும் அல்ல. பிள்ளைக்கென்று தனிக் கதிரை மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த, களிமண்ணால் செய்த ஓர் உயர் இருக்கை ஏதென்ஸ் நகரின் அகோரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளையின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கத் துளைகள் உண்டு; மலங்கழிக்கவும் அதே இருக்கைதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓக் மரத்தில் உயர்கதிரைகள் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதன் முன்னால் தட்டு வந்தது. மடக்கினால் சில்லுவைத்த வண்டியாக மாறுகிற கதிரைகளும் வந்தன. தட்டு வந்ததும் பிள்ளை குடும்பத்தின் மேசையிலிருந்து பிரிந்தது. அதன் சாப்பாடு வேறு, நேரம் வேறு, இடமும் வேறு.

இதை மாற்றியவர்களில் ஒருவர் நோர்வேக்காரர். பீற்றர் ஒப்ஸ்விக் என்ற தளபாட வடிவமைப்பாளர், சின்னக் கதிரைக்குப் பெரியவனாகவும் பெரிய கதிரைக்குச் சிறியவனாகவும் இருந்த தன் மகன், மேசையில் கால் தொங்க அந்தரப்படுவதைக் கவனித்தார். 1972இல் அவர் வடிவமைத்த டிரிப் டிராப் கதிரையை ஸ்தொக்கே நிறுவனம் விற்பனைக்கு விட்டது. சரிந்து நிற்கும் இரண்டு பக்கப் பலகைகள். அவற்றில் வரிசையாகத் தவாளிப்புகள். இருக்கைப் பலகையையும் கால்வைக்கும் பலகையையும் பிள்ளை வளர வளர இறக்கலாம். முன்னால் தட்டு இல்லை. கதிரையை நேரே மேசையோடு தள்ளிவிட வேண்டும். பெரியவர்களின் கண் மட்டத்துக்குப் பிள்ளையின் கண்ணும் வந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பாடசாலையின் வாத்தியக் குழு நடத்திய பழைய சாமான் சந்தையில் அப்படியொரு சிவப்புக் கதிரை கிடைத்தது. முன்பிருந்த பிள்ளைகள் கரண்டியால் அடித்த தழும்புகள் அதில் இருந்தன. கதிரை வாங்கும் பெற்றோருக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். விலையையும் நிறத்தையும் பிறகு பாருங்கள். பிள்ளை மேசையைக் காலால் உதைத்தாலும் கவிழாத அகன்ற அடி வேண்டும். பாதம் பதிய ஒரு பலகை வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை நிமிர்ந்திருக்கப் படும் பாட்டில் விழுங்குவதை மறந்துவிடும். தொடைகளுக்கிடையில் வாரோ தடுப்போ வேண்டும். கழுத்து நின்று, சற்றே பிடித்தால் இருக்கக்கூடிய பிள்ளையைத்தான் அதில் இருத்தலாம். சோறு அப்பினால் ஒரே துடையில் போகவேண்டும். எந்தக் கதிரையானாலும், பக்கத்தில் ஆளில்லாமல் பிள்ளையை விடக்கூடாது.

மேசையோடு தள்ளிவிட்ட முதல்நாளே எங்கள் சண்டை முடிந்தது. மகள் என் கோப்பையில் கைபோட்டாள். எங்கள் குழைசோறும் அவித்து முள்ளெடுத்த கொட் மீனும் அவள் வாய்க்குப் போயின. மடியில் இருந்தால் என் முகம் அவளுக்குத் தெரியாது. கதிரையில் நான் மெல்லுவதைப் பார்த்துத் தானும் மென்றாள்.

நான்கு கிழமை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அம்மாவின் கடிதம் வந்தது. மூன்று மாதம் வழியில் கிடந்திருக்கிறது. "தம்பி, பிள்ளைக்கு அரிசியும் பயறும் வறுத்து இடிச்சு அரிச்சு மாவாக்கி வையுங்கோ. தனிக் கஞ்சி குடுக்காதையுங்கோ. சின்ன மீன் அவிச்சு முள்ளுப் பார்த்துக் குடுங்கோ. பல்லு வந்தால் கொழுக்கட்டை கொட்ட மறக்காதையுங்கோ" என்று எழுதியிருந்தா. அரிசியோடு பயறு, கஞ்சியோடு மீன். வில்லியம்ஸ் ஆபிரிக்காவில் கண்டறிந்ததும், எங்கள் தாதி அட்டையைப் பார்த்துச் சொன்னதும் அம்மாவின் நான்கு வரியில் இருந்தன. அந்தக் கை எட்டாத தூரத்தில் இருந்ததுதான் எங்கள் குறை. பல்லு வந்தபோது, அயலில் இருந்த மூன்று தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டு, தலைக்குத் துணி பிடித்துக் கொழுக்கட்டை கொட்டினோம். முன்னால் வைத்த புத்தகத்தையும் பேனையையும் விட்டுவிட்டு, மகள் கொழுக்கட்டையைத்தான் எடுத்தாள்.

அதன்பின்னும் ஆலோசனைகள் மாறிக்கொண்டே இருந்தன. நான்கு முதல் ஆறு மாதம் என்றிருந்ததை, 2001இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்றாக்கியது. ஒவ்வாமை வரக்கூடிய பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை வேண்டாமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000இல் சொன்னார்கள். அப்படியான பிள்ளைகளுக்கு முதலாண்டிலேயே கடலையை அரைத்துக் கொடுத்தால் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்று 2015இல் லண்டன் ஆய்வொன்று காட்டியது. இன்று பிள்ளை தானே எடுத்துத் தின்னட்டும் என்கிறார்கள். டேவிஸ் அதைச் செய்து பார்த்து நூறாண்டு ஆகப்போகிறது.

தாய்மாரைப் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் மாறவில்லை. மணி பார்க்காதவள், தகரத்தில் வாங்கியவள், வாங்காதவள், முந்தியவள், பிந்தியவள் என்று எந்தக் காலத்திலும் பிழை அவள் தலையில்தான் விழுந்தது. இந்த நூல்களில் தகப்பனை நான் அதிகம் காணவில்லை. அந்த நான்கு கிழமை எனக்குக் கிடைத்திராவிட்டால் நானும் கரண்டி பிடித்திருக்கமாட்டேன். மனைவியைக் குறை சொல்கிறவர்களில் ஒருவனாக இருந்திருப்பேன்.

நோர்வேயில் தகப்பனுக்கான பங்கு 2018இல் 15 கிழமையாயிற்று. சென்ற வருடம் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. சிவப்புக் கதிரையை நிலவறையிலிருந்து எடுத்துக் கழுவி, ஆணிகளை இறுக்கிக் கொடுத்தேன். அம்மாவின் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போன கிழமை அங்கே போனபோது மருமகன் அரிசியும் பயறும் வறுத்துக்கொண்டிருந்தார். பயறு சற்றுக் கருகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை மேசையோடு தள்ளிவிட்டு, பேரனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.