வெட்டின் குலத்தின் பாகப்பிரிவினை: 1485ஆம் ஆண்டு லைப்சிக் உடன்படிக்கையும் அதன் தொடர்விளைவுகளும்

முன்னுரை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், பழைய அரண்மனைத் தொகுதியின் வெளிச்சுவர் ஒன்றில் 102 மீட்டர் நீளமுள்ள ஓவியம் ஒன்று காணப்படுகிறது. வெட்டின் குல ஆட்சியாளர் 35 பேர் குதிரைமீதமர்ந்து ஒருவர்பின் ஒருவராகச் செல்லும் ஊர்வலக் காட்சி அது. 1871 முதல் 1876 வரை வில்ஹெல்ம் வால்டர் தீட்டிய அவ்வோவியம் மங்கத் தொடங்கியதால், 1904 முதல் 1907 வரையிலான ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 மைசென் பீங்கான் ஓடுகளைக்கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டது. தந்தைக்குப்பின் மகன், அண்ணனுக்குப்பின் தம்பி என அறுபடாத ஒரே சங்கிலியாக அக்குலத்தின் வரலாற்றை அது காட்டுகிறது.

ஆனால் 1547ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டோராக அவ்வூர்வலத்தில் இடம்பெறுவோர் அனைவரும் இளைய தம்பியின் வழிவந்தவர்களே. அண்ணன் வழியினர் அதன்பின் சுவரிலிருந்து மறைந்துவிடுகின்றனர். வரலாற்றிலிருந்து அவர்கள் மறையவில்லை. இக்குலத்தின் போக்கைத் தீர்மானித்தது போர்வெற்றிகளைக் காட்டிலும் உடன்பிறந்தோர் சொத்தைப் பிரித்துக்கொண்ட முறையே என்பதும், 1485ஆம் ஆண்டுப் பங்கீட்டைப் பெரும்பிழை என ஒதுக்கும் மரபான மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

குலத்தின் தோற்றமும் நிலம் சேர்ந்த வகையும்

ஸாலே ஆற்றங்கரையில், ஹாலே நகருக்கு அருகிலுள்ள வெட்டின் கோட்டையே குலப்பெயருக்கு மூலம். ஐயத்துக்கு இடமின்றி அறியப்படும் முதல் முன்னோர் டீட்ரிக் என்பவர். அவர் 982ஆம் ஆண்டு இறந்தார். 1089இல் அக்குலத்தைச் சேர்ந்த ஹைன்ரிக், எல்பே ஆற்றங்கரையிலுள்ள மைசென் எல்லைப்புற நாட்டைப் பெற்றார். பெருமகன் எனச் சிறப்பிக்கப்படும் கோன்ராட் அதனை 12ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தினார். அவரே 1156இல் துறவு மேற்கொண்டபோது தம் நிலங்களை ஐந்து மகன்களுக்குப் பிரித்துக்கொடுத்தார். ஆகவே பங்கிடும் வழக்கம் குலத்தின் எழுச்சியோடு உடன்பிறந்தது எனலாம். குலத்துக்குப் பெயர் தந்த வெட்டின் கோட்டையே கிளைவழி ஒன்றன் பங்காகிப் பின்னர் 1288இல் மாக்டபர்க் பேராயரின் கைக்குச் சென்றுவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

1168இல் பிரைபெர்க் பகுதியில் கண்டறியப்பட்ட வெள்ளி, இக்குலத்தை ஜெர்மானியச் செல்வக்குடிகளின் முன்வரிசைக்குக் கொணர்ந்தது. 1247இல் துரிங்கிய ஆட்சிமரபு வாரிசின்றி முடிவுற்றதும், நீண்ட போருக்குப்பின் அந்நாட்டின் பெரும்பகுதி இவர்களுக்கு உரியதாயிற்று. 1423இல், ஹுஸ்ஸியருக்கு எதிரான போரில் துணைநின்றமைக்குக் கைம்மாறாக, மன்னர் சிகிஸ்முண்ட் சாக்சனி-விட்டன்பெர்க் கோமகவையும் அதனுடன் இணைந்த தேர்வாளர் பதவியையும் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவருள் ஒருவராகும் உரிமை) வெட்டின் குலத்துக்கு வழங்கினார். இன்று சாக்சனி எனப்படும் நிலம் அப்பெயரைப் பெற்றது இதன்பின்னரே. பதவியின் பெயர் எல்பே ஆற்றை எதிர்த்து மேலேறி மைசென் நாட்டின்மேல் படிந்தது.

கடத்தப்பட்ட இரு சிறுவர்

இச்செல்வம் அமைதியைத் தரவில்லை. தேர்வாளர் இரண்டாம் பிரீட்ரிக்கும் அவர் தம்பி வில்ஹெல்மும் 1446 முதல் 1451 வரை பங்குரிமைக்காகப் போரிட்டனர். அப்போரில் அண்ணன் பக்கம் நின்று பொருளிழந்த குன்ஸ் பொன் கவுபுங்கன் என்னும் வீரர், தமக்குரிய இழப்பீடு கிடைக்கவில்லை என்று மனங்கசந்து, 1455 ஜூலை 7ஆம் நாள் இரவு ஆல்டன்பர்க் கோட்டைக்குள் புகுந்து, தேர்வாளரின் மகன்களாகிய எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் இருவரையும் கடத்திச் சென்றார். அண்ணனுக்கு அப்போது 14 வயது; தம்பிக்குப் பன்னிரண்டு நிறையவில்லை. சிறுவர் இருவரும் சில நாள்களில் மீட்கப்பட்டனர். ஜூலை 14ஆம் நாள் பிரைபெர்க்கில் குன்ஸின் தலை வெட்டப்பட்டது.

நாட்டுப்புறக் கதைகள் கரிமூட்டுவோர் ஒருவரின் வீரத்தை இந்நிகழ்ச்சியில் பாடினும், வரலாற்று மாணவருக்கு இது உணர்த்துவது வேறு. உடன்பிறந்தோர் பங்குச்சண்டையின் கடன் அடுத்த தலைமுறைச் சிறுவரின் தலையில் விடிந்தது என்பதே அது. அச்சிறுவர்கள் வளர்ந்து தாமும் அதே செயலைச் செய்தனர்.

லைப்சிக் பங்கீடு

1464இல் தந்தை இறந்தபின் சகோதரர் இருவரும் இருபதாண்டுக் காலம் இணைந்து ஆண்டனர். இருவர்க்கும் பொதுவான உறைவிடமாக 1471இல் மைசென் குன்றின்மீது புதிய அரண்மனை ஒன்று எழத் தொடங்கியது. 1482இல் சிற்றப்பா வில்ஹெல்ம் ஆண்மகவின்றி இறந்து, துரிங்கியாவும் திரும்பி வந்து சேர்ந்ததும், வெட்டின் நிலம் அதன் மிகப்பெரும் பரப்பை எட்டியது. அந்நிலையிலேயே 1485இல் பங்கீடு நிகழ்ந்தது.

மூத்தவர் பங்கு வகுக்க, இளையவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது அவ்விடத்து வழக்கு. வகுப்பவர் ஓரவஞ்சனை செய்தால் அது தமக்கே கேடாகும் என்னும் எளிய நீதி இதில் அடங்கியுள்ளது. தமிழகக் குடும்பங்களின் பாகப்பிரிவினைகளை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. எர்ன்ஸ்ட் வகுத்தார், ஆல்பிரெக்ட் மைசென் பங்கை எடுத்துக்கொண்டார். லைப்சிக், டிரெஸ்டன், மைசென் ஆகியவை தம்பிக்கும், துரிங்கியாவின் பெரும்பகுதி அண்ணனுக்கும் உரியவாயின. பொதுவாழ்வுக்கெனத் தொடங்கிய மைசென் அரண்மனையும் தம்பி பங்கிலேயே அமைந்தது.

ஆயின் வகுக்கப்படாத பகுதி ஒன்று இருந்தது. பேரரசர் நான்காம் கார்ல் 1356இல் வெளியிட்ட பொன்முத்திரைச் சாசனம், தேர்வாளர் பதவியோடு இணைந்த நிலத்தைப் பிரிக்கலாகாது என விதித்திருந்தது. அதனால் விட்டன்பெர்க் வட்டம் முழுமையாக, பதவியோடு சேர்ந்து, எர்ன்ஸ்டிடமே நின்றது. சுரங்க வருவாயின் ஒரு பகுதி இருவர்க்கும் பொதுவாக வைக்கப்பட்டது. எல்லைகளோ ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிக் கிடந்தன. லைப்சிக் தம்பிக்கு உரியது. அதற்குத் தொலைவில் இல்லாத கிரிம்மா அண்ணனுக்கு உரியது. நிரந்தரமாகப் பிரிந்துபோகும் எண்ணம் முழுமையாக இல்லை என்பதையே இவ்வமைப்பு காட்டுகிறது எனக் கொள்ளலாம். எண்ணம் எதுவாயினும், குலம் மீண்டும் ஒன்றாகவில்லை.

இரு சாக்சனிகளும் சமயச் சீர்திருத்தமும்

பங்கீட்டின் முதன்மை விளைவு கல்விக்களத்தில் தோன்றியது. 1409இல் தோன்றிய லைப்சிக் பல்கலைக்கழகம் தம்பி வழியினரிடம் சென்றுவிட்டமையால், எர்ன்ஸ்டின் மகன் அறிஞர் பிரீட்ரிக் தம் நாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை 1502இல் நிறுவ வேண்டியதாயிற்று. அது நிறுவப்பட்ட இடம் சிறிய ஊராகிய விட்டன்பெர்க். மார்ட்டின் லூத்தர் அங்கே பேராசிரியரானதும், 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டதும் இதன் தொடர்ச்சியே.

1521இல் பேரரசின் தடைக்கு உள்ளான லூத்தரை வார்ட்பர்க் கோட்டையில் மறைத்துவைத்தவர் தேர்வாளர் பிரீட்ரிக். அதே வேளையில் ஆல்பிரெக்ட்டின் மகன் கோமகன் கேயார்க், தம் நாட்டில் லூத்தரின் கருத்துகள் பரவாவண்ணம் 1539இல் தாம் இறக்கும்வரை தடுத்துவந்தார். வெட்டின் நாடு பிரியாதிருந்து, பல்கலைக்கழகம் லைப்சிக் ஒன்றே எனவும், ஆள்பவர் கேயார்க் போன்றவர் எனவும் அமைந்திருக்குமாயின் சீர்திருத்தம் எவ்வாறு போயிருக்கும் என்பது ஊகத்துக்கு உரியது. ஆயினும் விட்டன்பெர்க் என்னும் களமும், தேர்வாளர் பதவி என்னும் கேடயமும், துரிங்கியாவின் வார்ட்பர்க் என்னும் புகலிடமும் ஒரே கையில் சேர்ந்திருந்தது அப்பங்கீட்டினாலேயே என்பது ஊகமன்று.

கேயார்க்குக்குப்பின் தம்பி வழி நாடும் சீர்திருத்தத்தை ஏற்றது. சமயம் ஒன்றான பின்னரும் தாயாதிப் பகை தணியவில்லை. பொதுவுரிமையில் விடப்பட்டிருந்த வுர்ட்சன் பகுதியின் வரிக்காக 1542இல் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. ஹெஸ்ஸ நாட்டுப் பிலிப்பின் தலையீட்டால் மட்டுமே போர் தவிர்ந்தது. நான்காண்டுகள் கழித்து, பேரரசர் ஐந்தாம் கார்ல் புரொட்டஸ்டண்டுக் கூட்டணிமேல் படையெடுத்தபோது, புரொட்டஸ்டண்டாகிய கோமகன் மோரிட்ஸ் பேரரசர் பக்கம் சேர்ந்தார். 1547 ஏப்ரல் 24ஆம் நாள் மியூல்பெர்க் போரில் தேர்வாளர் யோகான் பிரீட்ரிக் சிறைப்பட்டார். ஆல்டன்பர்க் கோட்டையிலிருந்து ஒருசேரக் கடத்தப்பட்ட அவ்விரு சிறுவர்களின் பேரர்களே மோரிட்ஸும் யோகான் பிரீட்ரிக்கும். மே மாத உடன்படிக்கையின்படி தேர்வாளர் பதவியும் விட்டன்பெர்க்கும் தம்பி வழிக்கு மாறின. மோரிட்ஸ் தம் சமயத்தவரால் மைசெனின் யூதாசு எனப் பழிக்கப்பட்டார். 1552இல் அவரே பேரரசருக்கு எதிராகத் திரும்பி, பாசாவு உடன்படிக்கைவழிப் புரொட்டஸ்டண்டுச் சமயத்துக்கு இடம்பெற்றுத் தந்தார். ஆகவே அப்பழிப்பெயரை அப்படியே ஏற்பது வரலாற்று ஆய்வுக்குப் பொருந்தாது.

தோற்றவர்களின் நாடுகள்

விட்டன்பெர்க்கை இழந்த எர்ன்ஸ்ட் வழியினர் தம் நூலகத்தை யேனா நகருக்குக் கொண்டுசென்றனர். அங்கே 1548இல் தொடங்கிய உயர்கல்விக்கூடம் 1558இல் பல்கலைக்கழகமாயிற்று. நிலம் சுருங்கியபின்னும் அவர்கள் பங்கிடுவதைக் கைவிடவில்லை. 1572இலும் 17ஆம் நூற்றாண்டு முழுவதிலும் பிரிவினைகள் தொடர்ந்தன. பக்திமான் எனப்படும் கோத்தாவின் கோமகன் எர்ன்ஸ்ட் 1675இல் இறந்தபோது அவருக்கு மகன்கள் எழுவர்; 1680இல் கோத்தா, கோபர்க், மைனிங்கன், ரியோம்ஹில்ட், ஐசன்பெர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், ஸால்பெல்ட் என ஏழு அரண்மனைகள் தோன்றின. அவற்றுள் மூன்று வழிகள் 1710க்குள் அற்றுப்போயின; கோபர்க் உரிமை பற்றிய வழக்கோ 1735 வரை நீண்டது. ஒவ்வோர் அரண்மனைக்கும் தனிக் கருவூலம், தனி அலுவலர், தனிக் கடன் வேண்டியிருந்தது; அச்சுமை குடிகளைச் சார்ந்தது. இதனை மறைத்துச் சிற்றரசுகளின் கலைவளத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

எனினும் அக்கலைவளம் பொய்யன்று. வைமர் அரசவையில் பாஹ் 1708 முதல் 1717 வரை பணியாற்றினார். 1775இல் கேதே அங்கே வந்தார். மைனிங்கன் அரங்கக்குழு 1874 முதல் ஐரோப்பிய நகரங்களில் நிகழ்த்திய நாடகங்கள் நவீன அரங்கை உருவாக்கியவற்றுள் அடங்கும்.

கோத்தாவில் 1642இல் வகுக்கப்பட்ட பள்ளிமுறை அந்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது. கோமகன் எர்ன்ஸ்டின் பணிக்கு வந்த ஒருவரின் மகன் கோத்தாவில் வளர்ந்து, அந்நகர உயர்பள்ளியில் பயின்றார். அவரே பின்னர் ஹாலேயில் கல்வி நிறுவனங்களை அமைத்த ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. அவர் அணியிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தம்பி வழியினர் ஆண்ட மேல் லவுசிட்சின் புல்ஸ்னிட்ஸ் ஊரினர். தரங்கம்பாடிப் பள்ளிகளின் மூலத்தைத் தேடுவோர் ஹாலேயோடு நின்றுவிடாமல் கோத்தாவரை செல்ல இடமுண்டு.

பிழை என்னும் தீர்ப்பு

லைப்சிக் பங்கீட்டைப் பிழை என்போர் பிராண்டன்பர்க்கைச் சான்று காட்டுவர். அங்கே 1473இல் ஆல்பிரெக்ட் அக்கிலெஸ் வகுத்த குலவிதி, நாடு பிரியாமல் மூத்த மகனைச் சேர வழிசெய்தது. அந்நாடே பிற்காலத்தில் பிரஷ்யாவாக எழுந்தது என்பது வாதம். ஆனால் அங்கும் 1535இல் ஒரு பிரிவினை நேர்ந்தது. பிரிந்த பகுதி 1571இல் திரும்பியது தற்செயல். மேலும் சாக்சனித் தம்பி வழியினரும் 1499இலேயே நாட்டைப் பிரிக்காமல் காக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தனர். 1656க்குப்பின் இளைய மகன்களுக்குத் தரப்பட்ட சிறு கோமகவுகளும் 1746க்குள் திரும்பிவிட்டன. இத்தனைக்குப் பின்னரும் நெப்போலியன் பக்கம் நின்ற குற்றத்துக்காக, 1815 வியன்னா மாநாட்டில் அவர்கள் தம் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைப் பிரஷ்யாவிடம் இழந்தனர். விட்டன்பெர்க்கும் அதில் அடங்கும். பிரியாமை காக்கும் என்பதற்கு இது சான்றாகாது. அதே மாநாட்டில், அண்ணன் வழிச் சிறுநாடாகிய வைமர் பெருங்கோமகவாக உயர்ந்தது.

எழுவருள் இளையவரின் ஸால்பெல்ட் வழி, கோபர்க்கைச் சேர்த்துக்கொண்டபின்னும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடனில் மூழ்கிக் கிடந்தது. அவ்வழியில் வந்த லியோபோல்ட் 1831இல் பெல்ஜிய அரசரானார். அவர் உடன்பிறந்தார் மகனாகிய ஆல்பர்ட் 1840இல் விக்டோரியா அரசியை மணந்தார். போர்ச்சுகல், பல்கேரிய அரியணைகளிலும் அவ்வழியினர் அமர்ந்தனர். 1911இல் டெல்லி தர்பாரில் இந்தியப் பேரரசராக வீற்றிருந்த ஐந்தாம் ஜார்ஜ், தந்தை வழியில், 1547இல் அனைத்தையும் இழந்த யோகான் பிரீட்ரிக்கின் நேர்வாரிசு. 1917இல் அவர் குலப்பெயரை விண்ட்சர் என மாற்றினார்.

1918 நவம்பரில் இரு வழியினரின் ஆட்சிகளும் ஜெர்மனியில் ஒருங்கே முடிந்தன. 1920இல் எர்ன்ஸ்ட் வழிச் சிறுநாடுகள் துரிங்கியா என்னும் மாநிலத்தில் இணைந்தபோது, கோபர்க் மக்கள் மட்டும் 1919 நவம்பர் 30ஆம் நாள் வாக்கெடுப்பில் அதனை மறுத்துப் பவேரியாவைத் தேர்ந்தனர். அதனால் இரண்டாம் உலகப் போருக்குப்பின் கோபர்க் மேற்கு ஜெர்மனியிலும் கோத்தா கிழக்கு ஜெர்மனியிலும் அமைந்தன. ஒரு காலத்தில் ஒரே கோமகனுக்கு உரியவாயிருந்த அவ்விரு ஊர்களுக்கிடையே 1989 வரை முள்வேலி நின்றது.