கொள்ளைநோயும் உறுப்பு மாற்றமும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், ஜூரோங் கிழக்கிலுள்ள தோ குவான் தொழிலாளர் விடுதி தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சிங்கப்பூரே வீட்டுக்குள் அடங்கியிருந்தது. அந்நாள்களிலும் வாரம் மும்முறை வெளியே சென்றே தீரவேண்டியவர் சிலர் இருந்தனர். அவர்கள் சிறுநீரகம் பழுதுற்றோர். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்து இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களே அவர்தம் உயிரைத் தாங்கி நின்றன.

இவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகமே விடுதலை. அவ்வறுவை இந்நாட்டில் 1970இலேயே நிகழ்ந்தது. மறுப்புத் தெரிவிக்காதார் இசைந்தவரே எனக் கொள்ளும் சட்டம் 1987இல் வந்தது. முதலில் விபத்தில் இறந்தோரின் சிறுநீரகத்தோடு நின்ற அச்சட்டம், 2004இல் ஈரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. 2008இல் முஸ்லிம்களையும் உட்கொண்டது. இசைவுச் சிக்கலைச் சட்டம் பெரிதும் தீர்த்தது எனலாம். கொள்ளைநோயோ சட்டம் எட்டாத இடத்திற் கைவைத்தது. மூளைச்சாவுற்றவரின் உறுப்பைக் காக்கத் தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும், மூச்சுக்கருவி வேண்டும், நள்ளிரவிலும் கூடும் அறுவைக் குழு வேண்டும். கொரோனா நோயாளருக்கு வேண்டியவையும் இவையே அல்லவா?

மற்றோர் இடருமுண்டு. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கத் தரும் மருந்து, நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைத்துவிடும். 2003இல் சார்ஸ் பரவியபோது, டொரண்டோவில் ஈரல் மாற்றம் பெற்ற ஒருவர் அந்நோயால் இறந்ததை மருத்துவர் மறந்திலர்.

ஆகவே, பொறுத்திருக்க வல்லவர் யார் என்ற வினா எழுந்தது. சிங்கப்பூர் மருத்துவமனைகள் அவசரமல்லாத அறுவைகளைத் தள்ளிவைத்தன. பிற இடங்களிலும் இதுவே நிலை. இந்தியாவில் 2019இல் 12,666 ஆக இருந்த உறுப்பு மாற்றங்கள், மறு ஆண்டில் 7,443 ஆயின. 22 நாடுகளின் கணக்கை ஆராய்ந்தோர், 2020இல் சிறுநீரக மாற்றம் நூற்றுக்கு 19, ஈரல் 11, இதயம் 5 என்ற அளவிற் குறைந்ததைக் கண்டனர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று. இதயம் பழுதுற்றவரைக் காக்கவைக்க இயலாது. சிறுநீரக நோயாளருக்கோ இயந்திரம் உண்டு. மருத்துவர் செய்த தேர்வு முறையானதே.

ஆயினும் இயந்திரம் இருக்குமிடத்திற்கு நோயாளர் சென்றாக வேண்டும். பிறரெல்லாம் வீட்டிலிருக்க, தொற்றுக்கு எளிதில் இரையாகும் அவரே வெளியே நடந்தார். மாற்றங்கள் குறைந்ததால் அந்த 22 நாடுகளில் நோயாளர் இழந்த வாழ்நாளை அவ்வாய்வாளர் 48,239 ஆண்டுகள் என மதிப்பிட்டனர். அவற்றுள் 37,664 ஆண்டுகள், பொறுத்திருக்கலாம் எனக் கருதப்பட்ட சிறுநீரக நோயாளருடையவை.