நைட்ஸ்கவுட் பிறந்த கதை

முதல் வகை சர்க்கரை நோய் வந்த பிள்ளைக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். அளவு சற்றே கூடிவிட்டாலும் சர்க்கரை சரிந்து தூக்கத்திலேயே வலிப்பு வரலாம். அதனால்தான் நள்ளிரவில் எழுந்து, தூங்கும் பிள்ளையின் விரலைக் குத்திச் சோதிக்கிறார்கள் பெற்றோர்.

நியூயார்க் மாநிலத்தின் லிவோனியாவில் வாழ்ந்த பொறியாளர் ஜான் காஸ்டிக்கின் 4 வயது மகனுக்கு 2012-இல் இந்த நோய் தெரியவந்தது. மறு ஆண்டு டெக்ஸ்காம் ஜி4 கருவியை வாங்கினார்கள். தோலடியில் செருகிய சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளந்து, கையடக்க ரிசீவருக்கு அனுப்பும். நல்ல கருவி. ஆனால் ரிசீவர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பகலில் அவன் எங்கோ, அப்பா எங்கோ.

ரிசீவரில் கேபிள் செருக இடம் இருந்தது. உள்ளே தரவு எப்படிப் பதிவாகிறது என்று காஸ்டிக் துருவிக் கண்டுபிடித்தார். ஓர் ஆண்ட்ராய்டு போனை ரிசீவரோடு கேபிளால் கட்டினார். போன் ஒவ்வோர் அளவையும் இணையத்திலிருந்த ஒரு கூகுள் அட்டவணையில் ஏற்றியது. அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மகனின் சர்க்கரையைப் பார்த்தார். இதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு தகப்பனின் பிடிவாதம்.

2013 மே மாதம் அதை ட்விட்டரில் போட்டதும் எங்களுக்கும் வேண்டும் என்று மற்ற பெற்றோர் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் லேன் டெஸ்பரோ. அவரும் பொறியாளர், அவர் மகனுக்கும் இதே நோய். அளவுகளை வீட்டுத் திரையில் காட்ட அவர் உருவாக்கியிருந்த அமைப்புக்குப் பெயர்தான் நைட்ஸ்கவுட். இருவர் வேலையும் சேர்ந்தது; இன்னும் பலர் கைகொடுக்க, நிரல் பொதுவில் இலவசமாக வந்தது.

சியாட்டிலில் இதே நோயுள்ள டானா லூயிஸ் என்ற பெண், கருவியின் அலாரம் தன்னை எழுப்பாதோ என்று பயந்து தூங்கியவர். காஸ்டிக்கின் நிரலைக் கொண்டு உரக்க ஒலிக்கும் அலாரம் செய்துகொண்டார். அதுவே வளர்ந்து, இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் ஓப்பன்ஏபிஎஸ் என்ற அமைப்பு ஆனது.

2015 ஜனவரியில், அளவுகளைத் தொலைவிலுள்ளவர்களுக்கு அனுப்பும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் சொந்தச் செயலிக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. பெற்றோர்கள் அதற்கு முன்பே வழி போட்டுவிட்டார்கள்.

சர்க்கரைக் கருவி வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: இதில் பதிவாகும் என் அளவுகளை நான் எடுத்துக்கொள்ள முடியுமா, என் வீட்டாருக்கு அனுப்ப முடியுமா?