ஐந்து வரித் தாள்



"வரலாறுன்னா போரும் ராஜாவும் மட்டும்தானா சார்?" என்று வகுப்பில் கேட்பீர்கள். இன்று ஒரு தாளின் வரலாற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஐ.சி.யு.வில் இருப்பவர்களுக்குக் கழுத்திலோ தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். சென்ட்ரல் லைன் என்று பெயர். மருந்து இதயத்துக்குப் பக்கத்திலேயே போய்ச் சேரும். சுத்தம் தவறினால் அதே வழியாகக் கிருமியும் ரத்தத்தில் கலந்துவிடும். ஏற்கெனவே தளர்ந்த உடம்பு, தாங்காது.

அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உலகப் புகழ்பெற்ற மருத்துவமனை. அங்கேயே ஓர் ஐ.சி.யு.வில் 1998 தொடக்கத்தில் நிலைமை மோசம். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒன்று என்று கணக்கு வைத்தால், அப்படி 1000 நாட்களுக்கு 11.3 தொற்றுகள்.

அங்கே தீவிர சிகிச்சை மருத்துவராக இருந்த பீட்டர் புரொனோவோஸ்ட் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதினார். கையைச் சுத்தம் செய். குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடை. தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை போட்டு, நோயாளியின் உடல் முழுவதையும் கிருமி நீக்கிய துணியால் மூடு. முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர். தேவையில்லாத லைனை உடனே எடு.

இதில் எதுவும் புதிதில்லை. எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நர்ஸுகளைக் கவனிக்கச் சொன்னபோது, 100க்கு 62 தடவைதான் விதிகள் கடைப்பிடிக்கப்பட்டன என்று தெரிந்தது. அவசரம் ஒரு காரணம். வேண்டிய சாமான்கள் ஒரே இடத்தில் இல்லாதது இன்னொன்று. டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால் அதை யார் சொல்வது என்பது மூன்றாவது.

அதனால் எல்லாச் சாமான்களையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். "இந்த லைன் இன்னும் வேண்டுமா?" என்று தினமும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படி தவறினால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். முதல் மாதம் கணக்கெடுத்த 38 தடவைகளில் 12 தடவை நர்ஸ் குறுக்கிட வேண்டியிருந்தது!

2002 கடைசிக் காலாண்டில் அந்த ஐ.சி.யு.வில் தொற்று பூஜ்யம்.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதையே செய்தார்கள். 1000 நாட்களுக்கு 7.7 என்றிருந்த சராசரி, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. 2006 டிசம்பரில் இந்த முடிவுகள் மருத்துவ இதழில் வெளிவந்தன.

புது மருந்து எதுவும் இல்லை. தெரிந்ததை விடாமல் செய்தார்கள். தவறினால் சொல்ல ஒருவருக்கு உரிமை கொடுத்தார்கள். வரலாறு நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

என்னிடம் படித்து நர்ஸான பிள்ளைகளே, "சார், ஒரு நிமிஷம்" என்று டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள். டாக்டரான பிள்ளைகளே, அப்படிச் சொன்னால் கோபப்படாதீர்கள். உறவினர்களே, வீட்டில் யாராவது ஐ.சி.யு.வில் இருந்தால், "அந்த லைன் இன்னைக்கும் தேவையா?" என்று பணிவாகக் கேளுங்கள். நீங்களும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.