சைவச் சாப்பாடு: ஒரு பெயரின் கதை

ஹோட்டல் வாசலில் "சைவம்" என்று போர்டு இருந்தால் உள்ளே இட்லியும் சாம்பாரும் கிடைக்கும் என்று அர்த்தம். அது ஒரு மதத்தின் பெயர் என்பது சாப்பிட வருகிறவர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வைணவரும் "நாங்கள் சைவம்" என்பார். வெள்ளிக்கிழமை நோன்பு இருக்கும் கிறிஸ்தவரும் "இன்றைக்கு சைவம்தான்" என்பார்!

தைவானில் கதையே வேறு. அங்கே தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன சைவ உணவகங்கள் உண்டு. பல கடைகளில் வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு, எடைக்குக் காசு கொடுத்தால் போதும். இந்தச் சமையல் பௌத்தத்தால் வளர்ந்தது. அதனால்தான் பல கடைகளில் வெங்காயமும் பூண்டும் கூட சேர்ப்பதில்லை. ஆனால் போர்டில் இருப்பது பௌத்தத்தின் பெயர் அல்ல, "சு" என்ற ஓரெழுத்துச் சொல். சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு என்பது அதன் பழைய பொருள். எளிமையானது என்றும் அர்த்தம்.

அப்படியானால் தமிழில் மதத்தின் பெயரே சாப்பாட்டுக்கு எப்படி வந்தது? பதிலின் ஒரு பகுதி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

பண்ருட்டியை ஒட்டி இருக்கும் திருவதிகை, அப்பர் சைவத்துக்குத் திரும்பி வந்த ஊர். அதற்கு முன் அவர் சமணர். தருமசேனர் என்ற பெயரில் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் இருந்தார் என்கிறது பெரியபுராணம். இது பீகாரில் உள்ள பாடலிபுத்திரம் அல்ல, இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூர். கி.பி. 458-ல் 'லோகவிபாகம்' என்ற சமண நூல் இங்கேதான் எழுதி முடிக்கப்பட்டது.

சூலை நோயால் துடித்த அப்பர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்தார். அவர் திருநீறு கொடுத்தார், நோய் தீர்ந்தது. பிறகு பல்லவ மன்னனும் சைவனாக மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. குணபரன் என்பது 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

பள்ளி இடிந்தது. ஆனால் பழக்கம் இடியவில்லை. புலால் உண்ணாமை சமணர்களின் முக்கியமான விரதம். தமிழ்ச் சைவத்தில் அது வேரூன்றியதில் சமணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்றும் திண்டிவனம், செஞ்சிப் பக்கம் வாழும் தமிழ்ச் சமணர்கள் அதே விரதத்தைக் காக்கிறார்கள். பெயர் மட்டும் சைவத்துக்குப் போய்விட்டது!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரியபுராணத்தில் எல்லா அடியாரும் "சைவம்" சாப்பிட்டவர்கள் அல்ல. கண்ணப்பர் சிவனுக்கே பன்றி இறைச்சி படைத்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். இன்றைய பேச்சு வழக்குப்படி இந்த நாயன்மார்களின் சாப்பாடு "அசைவம்"! அதாவது சைவம் அல்லாதது. சிவனை விடாமல் கும்பிடுகிறவரையும் ஒரு எழுத்து வெளியே தள்ளிவிடுகிறது.

அந்த எழுத்துக்குப் பின்னால் சாதியும் இருந்தது. பழைய உணவு விடுதிகளின் போர்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதோடு, யார் சமைக்கிறார்கள் என்பதும் இருக்கும். 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் போர்டில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்து மறியல் நடத்தியது இதனால்தான். சுத்தமான சாப்பாடு என்ற பேச்சுக்குள் சுத்தமான மனிதர் என்ற பேச்சும் ஒளிந்திருந்தது.

அதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே திருவதிகைக்குத் தெற்கே, சுமார் 30 கி.மீ. தூரத்தில் வேறொரு சமையலறை தொடங்கியது. சிதம்பரம் அருகே மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. தினமும் இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள். சைவச் சாப்பாடுதான்.

வள்ளலார் புலால் விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். 1872-ல் அங்கேயே சத்திய ஞானசபையைத் திறந்தார். கொலையும் புலாலும் விட்டவர்கள்தான் அதன் உள்ளே வரலாம் என்பது விதி. ஆனால் தருமச்சாலைக்கு அப்படி ஒரு விதி இல்லை. பசித்து வருகிறவரிடம் எந்த ஊர், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன தொழில் என்று கேட்கக் கூடாது என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதினார். புலால் உண்பவராக இருந்தாலும் பசியைத் தீர்ப்பது கடமை என்பது அவர் கொள்கை.

யோசித்துப் பாருங்கள்... பூசை நடக்கும் இடத்துக்கு நிபந்தனை வைத்தவர், சாப்பாட்டுக் கூடத்துக்கு வைக்கவில்லை! ஓர் உயிரைக் கொல்லக் கூடாது என்பதும், ஓர் உயிரைப் பட்டினி போடக் கூடாது என்பதும் அவருக்கு ஒரே கருணையின் இரண்டு பக்கங்கள்.

சைவச் சாப்பாடு என்பது இலையில் என்ன இல்லை என்பதை மட்டும் பொறுத்ததா, இலையின் முன் யார் உட்காரலாம் என்பதையும் பொறுத்ததா? வீடு வாடகைக்குக் கொடுக்கும்போதுகூட "சைவம் மட்டும்" என்று நிபந்தனை போடும் இந்தக் காலத்தில், வடலூர் அடுப்பு இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.